பொருளுதவி விண்ணப்பம் எழுதும் முறை

கல்வி உதவித்தொகை வேண்டும் மாணவர் பலர், ‘இவ்வுதவி உமக்கு ஏன் தேவை?’ என்னும் வினாவிற்கு, ‘யான் மிக ஏழை, அருள்கூர்ந்து உதவுக’ என்று எழுதி முடித்துவிடுகின்றனர். அவ்விடை பொய்யன்று; ஆயினும், பிறர் விடையினின்றும் அதனைப் பிரித்தறிய வழியில்லை.

புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைக் கூறும் முறையை நாம் நினைவுகூர்வோம். சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதையும், பாலின்றி அழும் குழவியையும், அதன் முகம் நோக்கிக் கண்ணீர் மல்கும் தாயையும் அவர் காட்டுகின்றார். வறுமை என்னும் சொல்லினும் அக்காட்சி வலியது.

நம் விண்ணப்பத்தில் அக்காளானின் பணியைக் கணக்கே செய்தல் வேண்டும். தந்தையின் மாத வருவாய் 9,000 ரூபாய்; வீட்டுச் செலவு 8,000 எனின், ஆண்டில் எஞ்சுவது 12,000. கட்டணமும் விடுதிச் செலவும் 36,000 எனின், குறைவது 24,000. அத்தொகையே நாம் வேண்டுவது. எழுதும் எண்கள் வருமானச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். ஓர் எண் முரண்படின் ஏனையவும் ஐயத்திற்குள்ளாகும்.

அடுத்து, உதவியால் விளையும் பயனைக் கூறவேண்டும். மாலைநேரக் கடைவேலையை விட்டு ஆய்வகத்தில் பயில இயலும் எனின், அதனையே எழுதுக. ‘நாட்டுக்கு உழைப்பேன்’ என்னும் பொதுமொழி எதனையும் உணர்த்தாது.

தம்மை நேரிற் காணாமலே அதியமான் அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை என்பது புறநானூறு 208 தரும் செய்தி. கேட்பவர்க்கும் மாண்பு உண்டு. ஆதலின், இரங்கத்தக்க சொற்களைத் தேடாது, உள்ளதை உள்ளவாறு உரைப்போமாக.