விட்ட பழக்கமும் தொட்ட வேலையும்

சுவீடன் நாட்டு என்ஜினீயர் ஒருவர் மாலைப் பொழுதை நிரப்பத் தொடங்கிய வேலை, ஒரு முழு கம்ப்யூட்டர் அமைப்பாக வளர்ந்த கதை

ஆபீஸ் விடும்போது மணி ஆறு. பஸ் பிடித்து, ரயில் பிடித்து அறைக்கு வந்தால் ஏழரை. மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தால் எட்டரை. அதற்கு மேல் தூக்கம் வரும் வரை என்ன செய்வது?

ஊரை விட்டு வந்து தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். சிலர் சீட்டாடுவார்கள். சிலர் சினிமாவுக்குப் போவார்கள். சிலர் பாட்டிலைத் திறப்பார்கள். அந்தப் பாட்டிலை விட்டுவிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அன்றைக்குத்தான் மாலைப் பொழுது எவ்வளவு நீளமானது என்பது அவருக்கு விளங்கும்.

2018-ம் ஆண்டில் சுவீடன் நாட்டில் ஆண்ட்ரியாஸ் கிளிங் என்பவருக்கும் இதே நிலைமைதான். அவர் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர். மூன்று மாத காலம் மறுவாழ்வு சிகிச்சை பெற்று வெளியே வந்தார். பழக்கம் போய்விட்டது. ஆனால், அது பிடித்து வைத்திருந்த நேரம் முழுவதும் இப்போது வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையை நிரப்ப அவர் கையில் எடுத்ததுதான், இன்று உலகமெங்கும் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் பேசும் "செரினிட்டி".

செரினிட்டி என்றால் மன அமைதி என்று பொருள். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள நினைப்பவர்களின் கூட்டங்களில் சொல்லப்படும் ஒரு பிரார்த்தனைக்கு அந்தப் பெயர் உண்டு. தான் நடந்து வந்த பாதை என்றும் மறக்கக்கூடாது என்பதற்காகவே அந்தப் பெயரை வைத்ததாக கிளிங் சொல்லியிருக்கிறார்.

ஹெட் கிளார்க் இல்லாத ஆபீஸ்

செரினிட்டி என்பது ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். அதாவது, கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை அமைப்பு. அது என்ன செய்கிறது?

ஓர் ஆபீஸை எண்ணிப் பாருங்கள். மேஜை இருக்கிறது. பீரோ இருக்கிறது. குமாஸ்தாக்கள் வந்துவிட்டார்கள். ஆனால், ஹெட் கிளார்க் வரவில்லை. எந்த பைல் எந்த பீரோவில்? எந்தக் கடிதத்தை யார் முதலில் பார்ப்பது? இருவர் ஒரே மேஜையைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கு அந்த ஆபீஸில் ஒரு காகிதம் நகராது.

கம்ப்யூட்டருக்கு அந்த ஹெட் கிளார்க்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். நீங்கள் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அதை வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பது அது. டிஸ்க்கில் பைல்களை அடுக்குவது அது. ஒரே நேரத்தில் பத்து வேலைகள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் துளித்துளியாக நேரம் பிரித்துக் கொடுப்பதும் அதுதான்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் நாம் பார்க்கும் "விண்டோஸ்" ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் "ஆண்ட்ராய்டு" என்று ஒன்று இருக்கிறது. இவை எல்லாம் பெரிய கம்பெனிகள், ஏராளமான என்ஜினீயர்களைச் சம்பளத்துக்கு வைத்து உருவாக்கியவை. இப்படிப்பட்ட ஒன்றை வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு தனி மனிதர் தொடங்கினார் என்றால், ஆர்வலர்கள் ஏன் வியக்கிறார்கள் என்பது புரியும்.

சிறுகச் சிறுக

கிளிங் புதிய ஆள் அல்லர். நோக்கியா, ஆப்பிள் ஆகிய கம்பெனிகளில், இன்டர்நெட் பக்கங்களைத் திரையில் காட்டும் "பிரவுசர்" வேலையில் அனுபவம் பெற்றவர். ஆகவே தொழில் கைவசம் இருந்தது. ஆனால், ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டப் போகிறேன் என்று திட்டம் போட்டு அவர் உட்காரவில்லை.

முதலில், ஒரு புரோகிராமை எடுத்து மெமரியில் ஏற்றும் சிறு கருவி ஒன்றை எழுதினார். பிறகு, டிஸ்க்கில் பைல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று படிக்கும் கருவி. பிறகு, திரையில் ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் கருவி. ஒவ்வொன்றும் தனித்தனி. ஒரு நாள் பார்த்தால், ஒரு வீட்டுக்கு வேண்டிய கல்லும் மரமும் முற்றத்தில் சேர்ந்துவிட்டது போல் இருந்தது. சேர்த்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி!

2018-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதியை செரினிட்டியின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். கட்டும் வேலையை கிளிங் ஒளித்து வைத்துச் செய்யவில்லை. தான் புரோகிராம் எழுதுவதை வீடியோவாகப் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். தவறு செய்வது, திகைப்பது, திருத்துவது எல்லாம் அதில் இருக்கும். வித்தைக்காரர் முடிவை மட்டும் காட்டுவார். இவர் பயிற்சியையும் சேர்த்துக் காட்டினார். அதைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவர்கள் பலர்.

பழைய முகம்

செரினிட்டியைத் திரையில் பார்த்தால், ஆபீஸ் வேலையில் தலை நரைத்தவர்களுக்குச் சட்டென்று பழைய நினைவு வரும். சாம்பல் நிற ஜன்னல்கள். தலைப்பில் வண்ணப் பட்டை. அழுத்தினால் உள்ளே போவது போல் தோன்றும் பொத்தான்கள். சின்னஞ்சிறு படங்கள். ஆம்! 1990-களின் பிற்பகுதியில் நம் ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது திரையில் என்ன கண்டோமோ, அதே தோற்றம்.

இது தற்செயல் அல்ல. அந்தக் காலத்துத் திரையில் எது பொத்தான், எது எழுத்து என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தத் தெளிவில் கிளிங்குக்குத் தனிப் பிரியம். முகம் 1990-களைச் சேர்ந்தது. உள்ளே ஓடும் எந்திரமோ, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-ல் தொடங்கிய "யூனிக்ஸ்" என்ற அமைப்பின் வழியில் வந்தது. இரண்டையும் கிளிங் ஒன்றாக்கினார்.

கடிதம் எழுதும் எடிட்டர் உண்டு. கணக்குப் போடும் அட்டவணை உண்டு. படம் வரையும் கருவி உண்டு. மத்தியான இடைவேளையில் குமாஸ்தாக்கள் ரகசியமாக ஆடிய சீட்டு விளையாட்டும், கண்ணிவெடி விளையாட்டும்கூட உண்டு!

கடைச் சரக்கு கிடையாது

செரினிட்டியில் ஒரு கண்டிப்பான கொள்கை. பிறர் செய்து வைத்த பாகங்களை வாங்கிப் பொருத்தக் கூடாது. எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டும்.

மற்ற இடங்களில் இப்படி இல்லை. ஒரு படத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்றால், அதற்கென்று யாரோ எழுதிய பகுதியை எடுத்துச் சேர்த்துக் கொள்வார்கள். அதுவே வழக்கம். அதில் தவறும் இல்லை. ஆனால், செரினிட்டிக்காரர்கள் படம் காட்டும் பகுதி, எழுத்துருவை வரையும் பகுதி, இன்டர்நெட் பிரவுசர் வரை எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து எழுதினார்கள். துணி தைக்க வேண்டும் என்றால், பஞ்சு வாங்கி நூல் நூற்பதிலிருந்து தொடங்குவதைப் போல!

எதற்கு இந்த வீண் பாடு என்று கேட்கலாம். நூற்றுப் பார்த்தவனுக்குத்தான் நூலின் குணம் தெரியும் என்பது அவர்களது பதில். எங்கே பழுது என்றாலும், வெளியாரைக் கேட்காமல் தாங்களே திறந்து திருத்தலாம்.

இன்னொரு புதுமை. இதைத் தயாராக நிறுவிக்கொள்ளும் வடிவில் அவர்கள் கொடுப்பதில்லை. மூலப் பிரதி எல்லோருக்கும் இலவசம். அதை எடுத்து, எந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் "கம்பைல்" வேலையை அவரவரே செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் இதைச் செய்கிறார்கள். அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் செரினிட்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். சமைத்த சோறு கிடையாது. அரிசியும் அடுப்பும் தருகிறோம், பொங்கிச் சாப்பிடுங்கள் என்பது போல. கை வைக்க ஆசை உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்பதே இதன் கருத்து.

ஆகவே, வாசகர்கள் ஆபீஸ் கணக்கையும் சம்பளப் பட்டியலையும் இதில் ஏற்றிவிட வேண்டாம்! அதற்காகச் செய்யப்பட்டது அல்ல இது. கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கு, வாசிக்கத் திறந்து வைத்த ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் என்று சொல்லலாம். எழுதப்பட்ட மொழி பெரும்பாலும் "சி பிளஸ் பிளஸ்". அந்த மொழி ஓரளவு தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

கூடி இழுத்த தேர்

மூலப் பிரதியைப் பூட்டி வைக்காமல் கொடுப்பதை "ஓப்பன் சோர்ஸ்" என்கிறார்கள். ஹோட்டல்காரர் சாம்பார் கொடுப்பார். பக்குவத்தைச் சொல்ல மாட்டார். இவர்கள் பக்குவத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது.

இப்படித் திறந்து வைத்ததால் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். இன்னொருவர் ஒரு விளையாட்டைச் சேர்த்தார். ஒரு தனி மனிதரின் மாலை நேர வேலை, ஊர் கூடி இழுக்கும் தேராகிவிட்டது.

2021-ம் ஆண்டு மே மாதம் கிளிங் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தை விட்டார். ஆர்வலர்கள் அனுப்பும் நன்கொடையை நம்பி முழு நேரமும் செரினிட்டி வேலையில் இறங்கினார். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நமக்கு அந்த முடிவின் பாரம் தெரியும்.

பிரிந்து போன பிள்ளை

செரினிட்டிக்காக எழுதிய பிரவுசர், நாளடைவில் தாய் வீட்டைவிடப் பெரிதாக வளரத் தொடங்கியது. 2022-ம் ஆண்டில் அது "லேடிபேர்டு" என்ற பெயரில் லினக்ஸ் போன்ற மற்ற அமைப்புகளிலும் ஓடத் தொடங்கியது.

இதன் முக்கியத்துவத்தைச் சொல்ல வேண்டும். கடையில் பிரவுசர்கள் பல பெயரில் கிடைத்தாலும், உள்ளே இருக்கும் எந்திரங்கள் சிலவே. பெரும்பாலானவற்றில் ஓடுவது கூகுள் கம்பெனியின் எந்திரம். ஆப்பிளின் "சபாரி"க்கு ஒன்று, "பயர்பாக்ஸ்" பிரவுசருக்கு ஒன்று. அவ்வளவுதான். இந்த நிலையில் முதல் வரியிலிருந்து புதிதாக ஒன்று எழுதுவது சாமானிய காரியம் அல்ல.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கிளிங் செரினிட்டியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். லேடிபேர்டைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே அதற்கென்று லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. "கிட்ஹப்" கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் அதற்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்.

செரினிட்டி என்ன ஆயிற்று? அநாதையாகிவிடவில்லை. கூட இருந்து கட்டியவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். பொதுவாகப் பிள்ளை பெரியவனாகி வீட்டை விட்டுப் போவான். இங்கே பிள்ளையை அழைத்துக்கொண்டு கொத்தனார் கிளம்பிவிட்டார். வீடு, அதில் குடியிருந்தவர்கள் கைக்கு வந்தது.

நமக்கு என்ன?

செரினிட்டியால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். சம்பளம் உயராது. பதவி உயர்வு வராது. ஆனால், கிளிங் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு.

கம்ப்யூட்டர் அவரைப் போதையிலிருந்து மீட்கவில்லை. முதலில் அவர் சிகிச்சைக்குப் போனார். மூன்று மாதம் இருந்தார். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர். இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது. "ஏதாவது வேலையில் மனதைச் செலுத்து, குடி தானாக நின்றுவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படித் தானாக நிற்காமல் தவிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வேண்டியது முதலில் டாக்டரின் உதவி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனியில் வேலை பார்த்த என்ஜினீயருக்கே அது தேவைப்பட்டது.

சிகிச்சை முடிந்து வந்த பிறகு, மாலை ஏழரை மணி ஒன்று காத்திருக்கிறது. அதற்குத்தான் ஒரு வேலை வேண்டும். அது பணம் தரும் வேலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிதாகத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. கிளிங் எழுதிய முதல் கருவி, ஒரு புரோகிராமை எடுத்து மெமரியில் ஏற்றியது. வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் மாலை அவர் அடுத்த வரியை எழுத உட்கார்ந்தார்.