பழைய மில்லுக்கு வார்த்த புதுப் பெயாரிங்

வீட்டில் நெல் இருக்கிறது, உலையில் போட அரிசி இல்லை. 2023 மாசி மாதக் கடைசியில் மல்லாவிப் பக்கத்துக் குடும்பங்கள் சில இந்த முறைப்பாட்டோடுதான் எம்மிடம் வந்தன. காலபோக அறுவடை முடிந்து, சாப்பாட்டுக்கென ஒதுக்கிய நெல்லை அவித்துக் காயவைத்தும் விட்டார்கள். வழமையாகக் குற்றிக் கொடுக்கும் மில் நின்றுபோயிற்று. தூரத்து மில்லுக்குப் போவதென்றால் லான்ட்மாஸ்டர் பிடிக்க வேண்டும். மூன்று மூடை நெல்லுக்கு அந்தக் கூலி கட்டுமா? அவிக்காத மிச்சத்தை வயல் வரம்பில் லொறியோடு நிற்கும் வியாபாரிக்குப் போட்டுவிட்டு, ஆவணி புரட்டாதியில் கடை அரிசி வாங்கிச் சாப்பிடுவதுதான் மிஞ்சும் வழி. இப்படித்தான் விதைத்தவன் வீட்டுக்குள் கடன் நுழைகிறது.

இந்த மில்லைப் பழையவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1995 ஐப்பசி 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சியும் போன பின், மல்லாவியின் சின்னச் சந்தி ஒரு பட்டணம்போல நிறைந்தது. சங்கக் கடையில் கிடைத்த நிவாரண அரிசி போதாத வீடுகள், வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை இங்கேதான் குற்றின. 1990 முதல் 2002 வரை டீசலுக்கும் தடை, பற்றறிக்கும் தடை, இரும்புச் சாமானுக்கும் தடை. அப்படியிருந்தும் மில் ஓடியது. 2008 இல் ஊரே எழும்பியபோது எஞ்சினை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். அது கிழக்கே எங்கோ வழியில் போயிற்று. நெல் குற்றும் இயந்திரத்தைத் தூக்க முடியவில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. இப்போது அதை மின்மோட்டார் இழுக்கிறது.

அது எங்கெல்பெர்க் வகை. பிரேசில் நாட்டின் பிராசிகாபா ஊரைச் சேர்ந்த எவரிஸ்தோ கொன்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 1885 இல் கோப்பிக்கும் நெல்லுக்குமாக அமைத்த வடிவம் இது. வரிவரியாக முகடுகள் கொண்ட வார்ப்பிரும்பு உருளை, அதன் கீழ் வளைந்த சல்லடை, பக்கத்தில் ஒரு தகட்டுக் கத்தி, அவ்வளவுதான். உமி நீங்குவதும் தவிடு தீட்டுவதும் ஒரே அறைக்குள் நடக்கும். வீண் கூடிய இயந்திரம் என்பதை மறைப்பதற்கில்லை. 100 கிலோ நெல்லுக்கு 50 முதல் 55 கிலோ வரை அரிசி வரும், அதிலும் குறுணல் உண்டு. றப்பர் உருளை மில்கள் இதைவிட நன்றாகத் தரும். ஆனால் றப்பர் தேய்ந்தால் வாங்கத்தான் வேண்டும், ஊரில் செய்ய முடியாது. தடைக் காலத்தில் அந்த வித்தியாசத்துக்கு இருந்த பெறுமதியை நாம் கண்ணால் கண்டோம்.

"சல்லடைதான் பிழை பாதர். ரெண்டு மாத்திப் போட்டன், ரெண்டும் கிழிஞ்சு போச்சு" என்றார் மில்காரர். எமது முதல் யோசனை புதிய இயந்திரம் வாங்குவது. விலை விசாரித்தோம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியபின், இறக்குமதிச் சாமான் எதுவும் எமது கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவில்லை. உதவி கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்த வேளையில்தான் எழுபதைத் தாண்டிய பற்றறைக்கார ஐயா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். 1995 இல் வந்து வன்னியிலேயே தங்கிவிட்டவர்.

அவர் சல்லடையைப் பார்க்கவே இல்லை. பெல்ற்றைக் கழற்றச் சொன்னார். தண்டின் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மெல்ல நெம்பினார். சில்லுப் பக்கத்தில் தண்டு விரல் நகத்தளவு எழும்பி, 'டக்' என்று இறங்கியது. "தம்பி, கிழிஞ்சது சல்லடை. கிழிச்சது வேற" என்றார்.

தண்டைத் தாங்கும் பெயாரிங்கில் பூசியிருந்த வெள்ளை உலோகம் தேய்ந்து, ஒரு பக்கம் உருகியும் இருந்தது. அறுவடை நெருக்கடியில் எண்ணெய்க் கிண்ணம் வற்றியதை எவரும் கவனிக்கவில்லை. பெயாரிங் தேயத் தண்டு தாழ்ந்தது, தண்டோடு உருளையும் தாழ்ந்து சல்லடையை உரசியது. குறுணல் கூடியதும் தவிட்டில் இரும்பு மணந்ததும் இரண்டு கிழமை முன்பே தந்த அறிகுறிகள். உங்கள் ஊர் மில்லிலும் குறுணல் திடீரெனக் கூடினால், நெல்லைக் குறை சொல்லுமுன் தண்டை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடைக் காலத்தில் இதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பாலை மரம் என்றார். காய்ந்த வைரக் கட்டையை எண்ணெயில் கொதிக்கவைத்து, மரத்தின் நார் முனை தண்டைத் தாங்கும்படி துளைத்துப் போடுவார்களாம். கவனமாக ஓட்டினால் ஒரு போகம் தாங்குமாம். இது வெறும் கைவைத்தியம் அல்ல. 1850களில் இங்கிலாந்தில் ஜோன் பென் என்பவர் நீராவிக் கப்பல்களின் சுழல்தண்டுக்கு மரப் பெயாரிங் போட்டு வெற்றி கண்டார். எமது பாலையோ ரயில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர்க் கட்டையாகக் கிடந்த மரம். ஆனால் ஐயாவுக்கு இந்த முறை மரத்தில் விருப்பமில்லை. உலோகம் கிடைக்கிற காலத்தில் ஏன் மரம் என்றார்.

வெள்ளை உலோகம் என்பது பெரும்பாலும் வெள்ளீயம், அதோடு கொஞ்சம் அந்திமனியும் செம்பும். 1839 இல் அமெரிக்காவில் ஐசாக் பாபிற் என்ற பொற்கொல்லர் இந்தக் கலவையை உருவாக்கினார். மில்காரர் பழைய பற்றறி ஈயத்தை உருக்கலாமே என்று கேட்டார். ஐயா கோபித்துக்கொண்டார். அது மிருது, பாரம் தாங்காது. அதன் புகையும் தூசும் நஞ்சு. சோற்று அரிசி குற்றும் இடத்துக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. ஆகவே வவுனியாவிலிருந்து கட்டியாக எடுப்பித்தோம்.

தண்டை எமரித் துணியால் மினுக்கி, மண்ணெண்ணெய் விளக்குச் சுடரில் சுற்றிப் பிடித்துக் கரி படியவைத்தார். கரி இருந்தால் உலோகம் தண்டில் ஒட்டாது. தண்டைச் சரியான உயரத்தில் வைத்து ஆப்பிறுக்கவே அரை நாள் போயிற்று. ஓரங்களைக் குளத்துக் களிமண்ணால் அடைத்து, அது முற்றாகக் காயும்வரை காத்திருந்தோம். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளைகளை வேலிக்கு வெளியே விட்டோம். உலோகத்தின் சூடு பார்க்க ஒரு காய்ந்த குச்சி போதும். தோய்த்தெடுத்தால் கருகிப் புகைய வேண்டும், தீப்பற்றக் கூடாது.

முதல் வார்ப்பு பிழைத்தது. பெயாரிங் வீடு போதிய சூடில்லாததால், ஊற்றிய உலோகம் நடுவில் உறைந்து வரியாகப் பிளந்து நின்றது. மில்காரரின் முகம் செத்துப்போயிற்று. ஐயா ஒன்றும் பேசாமல் அதைத் தட்டியெடுத்துத் திரும்பவும் சட்டியில் போட்டார். இந்த உலோகத்தில் எமக்குப் பிடித்த குணம் இதுதான்: பிழைத்தாலும் வீண் போகாது. வீட்டைத் தணலில் கை வைக்க முடியாதபடி சூடாக்கிய பின், இரண்டாம் முறை ஒரே மூச்சில் ஊற்றினார்.

அடுத்த நாள் முழுவதும் சுரண்டல் வேலை. தண்டில் விளக்குக் கரியும் எண்ணெயும் பூசிச் சுற்றினால், முட்டுகிற இடம் கறுப்பாகத் தெரியும். பழைய அரத்தின் தீட்டிய முனையால் அந்தக் கறுப்பை மட்டும் சீவ வேண்டும். எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கி இருபதோடு விட்டுவிட்டோம். எண்ணெய் ஓட மேல் பாதியில் வாய்க்கால் கீறினார். இரு பாதிகளுக்கும் இடையே பால்மா டின் தகரத்தில் வெட்டிய மெல்லிய தகடுகளை இருபக்கமும் ஐந்து ஐந்தாக வைத்தார். உலோகம் தேயத் தேயத் தகட்டை ஒவ்வொன்றாக எடுத்தால் பெயாரிங் மறுபடி இறுகும்.

ஒரு மணித்தியாலம் நெல் போடாமல் ஓடவிட்டு, அவர் பெயாரிங் மேல் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தார். கை தாங்கியது. சாக்கோடு முன்னால் நின்றவர் ஒரு தாய், மூன்று பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான நெல்லோடு. அரிசி விழத் தொடங்கியதும் ஒரு பிடி அள்ளி, குறுணலை விரலால் ஒதுக்கிப் பார்த்து, "காணும் ஐயா" என்றார்.

அடுத்த சிறுபோக அறுவடைக்குள் ஒரு சோடித் தகடு எடுத்தாயிற்று. மிச்சம் பக்கத்துக்கு நான்கு. கழற்றிய இரண்டையும் கம்பியில் கோத்து எண்ணெய்ப் போத்தலுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார் மில்காரர். அவருடைய மகன்தான் இப்போது காலையில் முதல் வேலையாக எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கிறான்.