மோட்டார் வண்டியின் தொடுதிரையும் பாதுகாப்பும்

மோட்டார் வண்டியின் வேகமானி பழுதுற்றால் ஓட்டுநருக்கு ஒரு செய்தி மட்டுமே கிட்டாமற் போகும். பல பணிகள் ஒரே தொடுதிரையிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டியில் நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட டெஸ்லா மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளில் இது தெளிவாகப் புலப்பட்டது.

அவற்றின் திரையை இயக்கும் பகுதியில் 8 கிகாபைட் கொள்ளளவுள்ள நினைவகச் சில்லு ஒன்று இருந்தது. இத்தகைய சில்லில் ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும், மின்னூட்டத்தைக் காத்துநிற்கும் மெல்லிய படலம் சிறிது நலிவுறுகிறது. ஏறத்தாழ 3,000 முறையே அது தாங்கும் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. வண்டியோ தன் இயக்கக் குறிப்புகளை அதில் ஓயாது எழுதிவந்தது. ஆகவே, ஐந்தாறு ஆண்டுகளில் பல வண்டிகளின் திரை இருண்டது. வண்டி ஓடும், ஆயினும் பின்புறக் காமிராவின் காட்சி தோன்றாது. கண்ணாடியில் படியும் பனியை அகற்றும் அமைப்பைத் திரைவழி இயக்க இயலாது. திரும்புகைக் குறிவிளக்கின் ஒலியும் கேளாது.

டயரும் தேய்வதுண்டு, ஆனால் அத்தேய்வு கண்ணுக்குத் தெரியும். சில்லின் தேய்வு தெரியாது. வண்டியின் ஆயுள் முழுவதும் இவ்வுறுப்பு நிலைக்குமென எதிர்பார்ப்பது பொருந்தாது என நிறுவனம் வாதிட்டது. பனி மூடிய கண்ணாடியின் பின் அமர்ந்திருப்பவருக்கு இவ்வாதம் பயன்படாது. 2021 ஜனவரியில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கோரியது; பிப்ரவரியில் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க நிறுவனம் இசைந்தது. 64 கிகாபைட் சில்லு இலவசமாகப் பொருத்தப்பட்டது.

இந்தியாவில், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது.