மின்னடுப்பில் வோக்

நெதர்லாந்தின் சூப்பர் மார்க்கெட்டுகளில் கோஸ், கேரட், பயறு முளை எல்லாவற்றையும் நறுக்கிக் கலந்து ‘வோக் காய்கறி’ என்று பொட்டலம் போட்டு விற்கிறார்கள். இந்தோனேசியாவை நெடுங்காலம் ஆண்ட நாடு என்பதால், நாசி கோரெங் என்னும் வறுத்த சோறு அங்கே வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. ஆனால் உணவகத்தில் கிடைக்கும் புகைமணம் வீட்டில் வருவதில்லை. காய்கள் நீர்விட்டுக் கூட்டுப் போலத் தளர்ந்துவிடுகின்றன. காரணம், அடுப்பின் வலுவுக்கு மீறிச் சட்டியில் கொட்டுவதுதான்.

வோக் சீனத்தில் பிறந்த குழிந்த சட்டி. கார்பன் ஸ்டீலில், ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் செய்வார்கள். மெல்லியது என்பதால் சட்டென்று சூடேறும். புதுச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, எண்ணெயை மெலிதாகப் பூசிப் புகையும்வரை காய்ச்சினால், எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கறுத்த படலமாகப் படியும். நம் இரும்பு வாணலியைப் பழக்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான்.

சீன உணவக அடுப்புகளில் 30 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தருபவை உண்டு. தீ சட்டியின் பக்கங்களையும் தழுவி எழும். அந்தச் சூட்டில் உணவு கருகாமலிருப்பது சமையல்காரரின் கைவேலை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஹுங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த சமையல்காரர் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை சட்டியைக் குலுக்குகிறார். மேலே பறக்கும் சோறு சற்றே ஆறி, மறுபடி சூட்டில் விழுகிறது. தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீப்பற்றுவதும் அந்தப் புகைமணத்துக்கு ஒரு காரணம்.

ஐரோப்பிய வீடுகளிலோ மின்னடுப்பு பெருகிவருகிறது. நெதர்லாந்தில் 2018 ஜூலை முதல் புது வீடுகளுக்குப் பொதுவாக எரிவாயு இணைப்பே தருவதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் உள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது சட்டியின் இரும்பில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, சட்டியே சூடாகும். கண்ணாடியை விட்டு விலக விலகப் புலம் வலுவிழக்கும். ஆகவே குழிந்த வோக்கில் நடுப்புள்ளி மட்டும் காயும், பக்கங்கள் சூடேறா. தூக்கிக் குலுக்கினால் வெப்பம் நின்றேபோகும்.

மின்னடுப்பின் ஒரு வளையம் பொதுவாக 2 கிலோவாட் அளவு வெப்பம்தான் தரும். காயில் பெரும்பகுதி நீர். 20 டிகிரியிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் 6 மடங்குக்கும் மேல், அதை ஆவியாக்கத் தேவை. 100 கிராம் நீரை ஆவியாக்க மட்டுமே 2 கிலோவாட் அடுப்பு ஏறக்குறைய 2 நிமிடம் உழைக்க வேண்டும். நீர் தேங்கி நிற்கும்வரை சட்டி 100 டிகிரியை அதிகம் தாண்டாது. பொன்னிறமும் மணமும் தரும் மெய்லார்ட் வினைக்கோ 140 டிகிரி அளவு சூடு வேண்டும்.

ஆகவே, தட்டை அடிகொண்ட கார்பன் ஸ்டீல் வோக் வாங்குங்கள். நான்-ஸ்டிக் பூச்சு இந்தச் சூட்டுக்கு ஆகாது. வெறும் சட்டியை நடுத்தரச் சூட்டில் காயவையுங்கள். எடுத்ததுமே உச்சத்தில் வைத்தால் அடி வளைந்துவிடும். காய்களை ஈரம்போகத் துடைத்து, ஒரு தடவைக்கு 200 கிராம் என்று வதக்கித் தட்டில் எடுத்து வையுங்கள். வெந்ததும் சீக்கிரம் ஆறவைத்து, இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்த சோறு மேற்புறம் காய்ந்து உதிரியாக இருக்கும். அதுவே வறுக்க ஏற்றது. சட்டியைத் தூக்காமல் கரண்டியால் புரட்டுங்கள். உணவகத்தில் சோயா சாஸைச் சட்டியின் ஓரத்தில் ஊற்றுவார்கள். நீங்கள் சோற்றை ஒதுக்கி நடுவில் ஊற்றுங்கள். சூடு இருப்பது அங்கேதான். எல்லாவற்றையும் கடைசியில் ஒருமுறை சேர்த்துப் புரட்டினால் போதும்.

உணவகத் தீயின் புகைமணம் மின்னடுப்பில் முழுதாக வராது. ஆனால் உதிரியான சோறும் மொறுமொறுப்புக் குறையாத காயும் நிச்சயம் வரும். நால்வருக்குச் சமைக்க வேண்டுமா? நான்கு தடவையாக வறுத்தெடுங்கள்.