குழாய்த் தண்ணீருக்கு ஏன் இத்தனை விதிகள்?

அமெரிக்காவில் குடிநீருக்கான முதல் தேசியத் தரம் 1914-இல் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ரயிலிலும் கப்பலிலும் பயணிகளுக்குத் தரும் தண்ணீருக்கு மட்டுமே அது பொருந்தியது. சோதிக்கச் சொன்னதும் கிருமியை மட்டும்தான். இன்று அங்கே 90-க்கும் மேற்பட்டவற்றுக்கு வரம்பு இருக்கிறது. பட்டியல் எப்படி நீண்டது?

கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்தார்கள், டைபாய்டு அடங்கியது. 1970-களில் வேறொரு சிக்கல் தெரிந்தது. ஆற்று நீரில் ஊறிக் கிடக்கும் இலைதழை மக்கோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன் உண்டாகிறது. அதைப் பல ஆண்டுகள் குடித்தால் புற்றுநோய் வரக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 1974-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும் 1979-இல் இந்த வேதிப்பொருளுக்கு வரம்பும் வந்தன. அன்றிலிருந்து, குளோரினைக் குறைத்தால் கிருமி, கூட்டினால் நச்சு என்று இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டியதாயிற்று.

1993-இல் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தண்ணீரில் கலந்து, ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத ஒட்டுண்ணி அது. எனவே வடிகட்டும் விதிகள் இறுகின.

ஈயத்தின் கதை வேறு. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீராகக் கிளம்பினாலும், பழைய ஈயக் குழாய் அரித்தால் வீட்டுக்குள் நஞ்சாகிவிடும். அதனால் 1991 விதி, வீட்டுக் குழாயிலேயே மாதிரி எடுக்கச் சொன்னது. பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றும் அது சொன்னது.

2024-இல், ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றின் வழியே பரவிய, எளிதில் சிதையாத இரண்டு வேதிப்பொருள்களுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு வைத்தார்கள். கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம். அதை அளக்கும் செலவைப் பெருநகரம் தாங்கும்; ஓரிரு பணியாளரோடு நடக்கும் சிற்றூர் தனியே தாங்காது. அதற்காக வரம்பைத் தளர்த்துவது சரியல்ல. சிற்றூருக்குப் பணமும் ஆய்வக வசதியும் கொடுப்பதே நியாயம்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதை ஃபிளின்ட் நகரம் காட்டியது. 2014-இல் அங்கே செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை; குழாயின் ஈயம் தண்ணீரில் கலந்தது. ஈய விதி அப்போதும் நடப்பில்தான் இருந்தது. தண்ணீர் பாதுகாப்பானது என்றார்கள் அதிகாரிகள். மக்களோ பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்கு எடுத்துப் போனார்கள். விதிகள் எவ்வளவு நுணுக்கமானாலும், குடிப்பவர் கேட்டால் பதில் சொல்லும் கடமை அவற்றோடு இணைந்திருக்க வேண்டும்.