வயிற்றுக்கும் ஓர் அலுவல் நேரம்

2019 டிசம்பர் முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் இரவு பகலாக இயங்கி வருகின்றன. நள்ளிரவிலும் நாம் பணம் அனுப்பலாம். ஆனால் நமது வயிறு 24 மணி நேரமும் ஒரே சீராகப் பணியாற்றுவதில்லை.

பெங்களூரு காக்ஸ் டவுனின் தெருக்களில், இரவுப் பணிக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களைக் காண்பது வழக்கமான காட்சி. இத்தகைய பணியில் இருப்போர் உண்பதும் உறங்குவதும் நேரம் மாறியே நிகழ்கின்றன. நெஞ்செரிச்சலோ மலச்சிக்கலோ வந்தால் உணவைக் குறை கூறுகிறோம். உறக்கத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

நம் உடலின் உயிரணுக்களில் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியுடைய கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதன் செயல்முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. குடலும் கல்லீரலும்கூட இக்கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. இரவில் இரைப்பையின் வேகம் குறைகிறது. பெருங்குடல் ஓய்வுகொண்டு, விழித்ததும் சுறுசுறுப்படைகிறது. காலைக்கடன் காலையில் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயிறு காலியாக இருக்கையில், சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழும் அசைவலை, எஞ்சிய துணுக்குகளைச் சிறுகுடல் வழியே துடைத்துச் செல்கிறது. நள்ளிரவில் உண்டால் அத்துப்புரவு தடைப்படுகிறது. மேலும், விழித்திருக்கையில் நாம் விழுங்கும் உமிழ்நீர் உணவுக்குழாயில் ஏறும் அமிலத்தைக் கழுவிவிடும். உறக்கத்தில் விழுங்குவது குறைவதால் அமிலம் நெடுநேரம் தங்குகிறது. எரிச்சல் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கக் குறைவோ எரிச்சலை மேலும் கூர்மையாக உணரச் செய்கிறது. கடனும் வட்டியும்போல ஒன்றையொன்று வளர்க்கின்றன.

எனவே, இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேர இடைவெளி விடுவோம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும் நலம். இரவுப் பணியாளர்கள் முக்கிய உணவைப் பணிக்கு முன்பே முடித்து, நள்ளிரவில் சிற்றளவே உண்ணலாம். பகலில் இருண்ட, அமைதியான அறையில் உறங்கலாம்.

விழுங்குவதில் சிரமம், காரணமற்ற எடைக்குறைவு, மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றினால் மாத்திரைகளால் காலம் கடத்தாது மருத்துவரை நாட வேண்டும். நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என ஒதுக்குவதும் கூடாது; அது இதயநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.