எதிரி மண்ணில் ஓர் ஊர்

போரில் வென்றவன் தோற்றவனின் மண்ணில் குடியேறுவது சரித்திரத்துக்குப் புதிதல்ல. ஆனால் வென்று முப்பது வருஷம் கழித்து, தலை நரைத்து, முழங்கால் தேய்ந்த பிறகு, கையில் துப்பாக்கி இல்லாமல், காசு கொடுத்து நிலம் வாங்கிப் போய் உட்கார்ந்ததாக அதிகம் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சிற்றூர் 1895இல் அப்படித்தான் பிறந்தது. உள்நாட்டுப் போரில் வடக்கின் நீலச் சட்டை போட்டுச் சண்டையிட்டவர்கள், சாம்பல் சட்டைக்காரர்களின் சொந்த மண்ணில் எழுப்பிக்கொண்ட ஊர் அது.

இடத்தைப் பார்த்தால் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று தோன்றும். தெற்குக் கூட்டமைப்பின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் 1865 மே 10 அன்று பிடிபட்ட இர்வின்வில் அங்கிருந்து 15 கி.மீ. தூரம்தான். வடக்குக் கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர் பசியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்த ஆண்டர்சன்வில் சிறைமுகாம் சுமார் 100 கி.மீ. போரின் கடைசிக் குளிர்காலத்தில் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கடற்கரைவரை வழியெல்லாம் பாழாக்கிக்கொண்டு போனதும் இதே மாநிலத்தில்தான். இரு தரப்புக்கும் மறக்க முடியாத கணக்கு இருந்த இடம்.

அப்புறம் ஏன் போனார்கள்? வயிறும் குளிரும்தான் காரணம். 1890களின் நடுவில் நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கம் வறட்சி வாட்டியெடுத்தது. பதினெட்டு வயதில் படையில் சேர்ந்தவன் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தான். ஒவ்வொரு பனிக்காலமும் பழைய காயத்தைக் கிளறியது. அந்த நேரத்தில் ஜார்ஜியாவிலிருந்து ரயில் நிறைய தானியமும் உணவுப்பொருளும் உதவியாக வந்து இறங்கின. அனுப்ப ஏற்பாடு செய்த வில்லியம் நார்தன், ஆளுநராக இருந்தவர்; தெற்குப் படையில் சாதாரணச் சிப்பாயாகப் போரிட்டவரும்கூட. எதிரி வீட்டுச் சோறு என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் இண்டியானாபோலிஸ் நகரத்து ஃபிலாண்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட். சிறு பையனாக வடக்குப் படையில் முரசு அடித்தவர், பிறகு முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் வாங்கித் தரும் வழக்கறிஞர், ‘அமெரிக்கன் ட்ரிபியூன்’ என்ற வீரர்களுக்கான வாரப் பத்திரிகையின் அதிபர். குளிரில்லாத இடத்தில் நமக்கென்று ஓர் ஊர் அமைப்போம், பங்கு வாங்குங்கள் என்று பத்திரிகையில் எழுதினார். நார்தன் நிலம் காட்ட முன்வந்தார். இதில் அன்பு மட்டும் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1890இல் வந்த சட்டத்தால் வடக்கு வீரர்களில் பெரும்பாலோருக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் கிடைத்துவந்தது. தெற்கு வீரர்களுக்கு அது கிடையாது. கையில் ரொக்கமே புழங்காத பைன்மரக் காட்டுக்குள், ஆயிரக்கணக்கான ஓய்வூதியக்காரர்கள் குடிவந்தால் கசக்குமா?

அவர்கள் வாங்கிய இடத்தில் இருந்ததெல்லாம் ஸ்வான் என்ற ஒரு சிறு குடியிருப்பு. நெடிய பைன் மரங்களின் பட்டையைச் செதுக்கிக் கீறி, வடியும் பாலைச் சேர்த்துக் காய்ச்சி டர்பன்டைன் இறக்குகிறவர்கள் வாழ்ந்த இடம். 1895இலேயே வண்டி கட்டிக்கொண்டும் ரயிலேறியும் ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். சர்வே முடியவில்லை, மனை பிரிக்கவில்லை, தெருவும் இல்லை. கிடைத்த பலகையை அடித்துக் குடிசை போட்டு, சட்டிபானை, பெண்டு பிள்ளைகளோடு காத்துக் கிடந்தார்கள். அந்தக் கும்பலுக்கு ‘குடிசைப்பட்டணம்’ என்றே பெயர் வந்தது. வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் மட்டும் சுமார் 2,700 பேர் என்கிறார்கள். 1896 டிசம்பரில் ஊர் முறைப்படி நகராட்சி ஆனது.

மனை அளந்த கையோடு அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. ஊரின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நடுவே மெயின் தெரு. ஒரு பக்கம் கிராண்ட், ஷெர்மன், ஷெரிடன், தாமஸ் என்று வடக்குத் தளபதிகள் வரிசையாக நிற்கிறார்கள். மறுபக்கம் லீ, ஜான்ஸ்டன், ஜாக்சன், லாங்ஸ்ட்ரீட் என்று தெற்குத் தளபதிகள். ஜார்ஜியாவில் ஷெர்மன் பெயரில் தெரு என்பது சாமானியச் சங்கதியல்ல. அதற்கு ஈடாக லீக்கும் ஒரு தெரு. ஊரின் எல்லைச் சாலைகளுக்குக் கப்பல் பெயர்கள்: 1862இல் ஒன்றையொன்று பீரங்கியால் அடித்துக்கொண்ட இரும்புக் கவசக் கப்பல்கள் மானிட்டரும் மெரிமாக்கும் அவற்றில் உண்டு, விடுதலையான வடக்குக் கைதிகளை ஏற்றிவந்து 1865இல் கொதிகலன் வெடித்து மூழ்கிய சுல்தானாவும் உண்டு. பெரிய மர ஹோட்டல் ஒன்று கட்டியபோது முதலில் ‘கிராண்ட்-லீ’ என்று யோசித்து, அக்கம்பக்கத்தாரின் மனம் கோணாதிருக்க ‘லீ-கிராண்ட்’ என்று மாற்றியதாகச் சொல்வார்கள். வென்றவர் பெயர் பின்னால் போவதில் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை.

1896 அறுவடைத் திருவிழாவைப் பற்றி ஊரில் சொல்லும் கதையும் இதே ரகம். வம்பு வேண்டாம் என்று இரு தரப்பு வீரர்களுக்கும் தனித்தனி ஊர்வலம் ஏற்பாடாம். பேண்டு முழங்கியதும் நீலமும் சாம்பலும் கலந்து ஒரே வரிசையாக நடந்துவிட்டார்களாம். 1906இல் ஊரைத் தலைநகராக வைத்துப் புது மாவட்டம் பிரித்தபோது, தெற்குக் கூட்டமைப்பின் செனட்டர் பெஞ்சமின் ஹில்லின் நினைவாக அதற்கு பென் ஹில் என்று பெயர் வைத்தார்கள். கிழவர்கள் அதையும் விழுங்கிக்கொண்டார்கள்.

இத்தனை இணக்கத்திலும் ஒரு தரப்பைக் காணோம். வடக்குப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் சண்டை போட்டார்கள். எந்தத் தெருவுக்கும் அவர்களில் ஒருவர் பெயர் வரவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் நகராட்சியான அதே 1896இல்தான் ‘தனித்தனியே, ஆனால் சமமாக’ என்று நிறப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. 1908இல் ஜார்ஜியா தன் அரசியலமைப்பைத் திருத்திக் கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. நீலச் சட்டையும் சாம்பல் சட்டையும் கைகோத்தது வெள்ளையருக்குள்தான். போர் எதற்காக நடந்தது என்ற பேச்சை எடுக்காமல் இருந்ததும் அந்தக் கைகோப்புக்கு உதவியிருக்கும்.

இன்று அங்கே சுமார் 9,000 பேர் வசிக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். ஒரு காலத்தில் பருத்தியும் ரயில்வே பணிமனையும் ஊருக்குச் சோறு போட்டன. பழைய ரயில் நிலையம் இப்போது ‘நீலமும் சாம்பலும்’ அருங்காட்சியகம். அது இருப்பது ஜான்ஸ்டன் தெருவில். லீ-கிராண்ட் ஹோட்டல் இடிபட்டுப்போயிற்று. குடியேறிய வடக்கத்தியர் பலர் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். ஜார்ஜியாவின் கடைசித் தெற்குப் படைவீரர் என்று அறியப்பட்ட வில்லியம் புஷ் 1952இல் இறந்தபோது அவரையும் அங்கேயே புதைத்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் இப்போது இந்த ஊருக்கு வருவது தளபதிகளைத் தேடி அல்ல, கோழிகளைப் பார்க்க. 1960களில் வேட்டைக்கு உதவும் என்று மாநில வனவிலங்குத் துறை பர்மாவின் செங்காட்டுக்கோழிகளைக் கொண்டுவந்து ஆற்றோரக் காடுகளில் விட்டது. மற்ற இடங்களில் அவை நிலைக்கவில்லை. இங்கே மட்டும் காட்டைவிட ஊரே மேல் என்று நடந்து வந்துவிட்டன. கிராண்ட் தெரு, லீ தெரு என்ற பேதமில்லாமல் குஞ்சுகளோடு குறுக்கே போகும். கார்கள் நின்று வழிவிடும். பூச்சியைத் தின்று ஒழிக்கிறது என்று ஒரு வீட்டார் கொண்டாடுவார்கள். பூச்செடியைக் கிளறிவிட்டது, விடியுமுன் கூவித் தொலைக்கிறது என்று பக்கத்து வீட்டார் திட்டுவார்கள். முன்பு கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்து வந்து கூட்டம் சேர்த்த ஊர், அதைக் கைவிட்டு, மார்ச் மாதத்தில் காட்டுக்கோழித் திருவிழா நடத்துகிறது.

அதோடு விடாமல், இரும்புச் சட்டத்தின் மேல் செடி படரவிட்டு 62 அடி உயரத்தில் ஒரு கோழி எழுப்பக் கிளம்பினார் மேயர். உள்ளே வாடகைக்கு அறையும் உண்டு என்பது திட்டம். பொதுப்பணத்தை இதிலா கொட்டுவது என்று ஊர் இரண்டுபட்டது. ஷெர்மன் பெயரில் தெரு வைத்தபோதுகூட இப்படி நடந்ததாகத் தெரியவில்லை. 2023 தேர்தலில் மேயர் தோற்றார்.